விரலும் பத்திரமும்: ஃபேட்ஸ் வாலரின் இசைத்தட்டுகள் சொல்லும் வரலாறு



ஆசானின் நினைவுச் சொற்பொழிவில் ஓர் அமெரிக்கப் பியானோ கலைஞரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசான் பறை அடித்துப் பதிவான ஒலிநாடா ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் அட்டையில் பாடியவர் பெயர் உண்டு, இசையமைத்தவர் பெயர் உண்டு, வெளியிட்ட கம்பெனியின் முகவரியும் உண்டு. ஆசானின் பெயர் இல்லை. அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "அன்னைக்குச் சாப்பாடு போட்டு, பஸ்சுக்குக் காசு குடுத்தாங்கப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் கை அந்த நாடாவில் இருக்கிறது. ஆனால் அந்த நாடா யாருடையது? இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. இதே கேள்வியை ஆவணங்களை வைத்துக்கொண்டு விசாரிக்க வாய்ப்புத் தருகிற ஒரு வாழ்க்கை ஃபேட்ஸ் வாலருடையது. அதனால்தான் இன்று அவர்.

1. ஹார்லெமின் பிள்ளை

தாமஸ் ரைட் வாலர் 1904 மே 21 அன்று நியூயார்க்கில் பிறந்தார். உருவம் பெருத்தவர் என்பதால் 'ஃபேட்ஸ்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றோர் வர்ஜீனியாவிலிருந்து வடக்கே பிழைக்க வந்தவர்கள். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அப்போது 39 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தந்தை தேவ ஊழியம் செய்தவர். மகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க வேண்டும், ஜாஸ் பக்கம் போகக்கூடாது என்பது அவர் விருப்பம். மகன் இரண்டையும் வாசித்தார். பதினைந்து வயதுக்குள் ஹார்லெமின் லிங்கன் தியேட்டரில், பேசாத படங்களுக்கு ஆர்கன் வாசிக்கிற வேலையில் சேர்ந்துவிட்டார்.

இங்கே ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டும். 1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தபோது வாலருக்கு ஒன்பது வயது. பல்கலைக்கழகத்திலிருந்து ஹார்லெமுக்கு நடந்தே போகலாம். இருவரையும் சந்திக்க வைத்துக் கதை கட்ட நான் வரவில்லை. ஆனால் தீண்டாமையையும் நிறவெறியையும் ஒப்பிட்டு யோசித்த அம்பேத்கர், 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார்; டு போய்ஸ் பதிலும் எழுதினார். 1972இல் பம்பாய்த் தோழர்கள் தலித் பேந்தர் என்று பெயர் வைத்தது அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான். ஹார்லெமின் கதையைக் கேட்பது நமக்குப் புதுப் பழக்கமல்ல.

வாலரின் பியானோ எங்கே வளர்ந்தது? கச்சேரி மண்டபத்தில் அல்ல, வாடகை வீட்டில். கறுப்பின மக்களுக்கு நகரத்தின் மற்ற பகுதிகளில் வீடு கிடைக்காது. அதனால் ஹார்லெமில் வீட்டுக்காரர்கள் வைத்ததே வாடகை. வாடகை கொடுக்க முடியாத குடும்பம் சனிக்கிழமை இரவு விருந்து வைக்கும். உள்ளே வர ஒரு சிறு கட்டணம். சாப்பாடு, சரக்கு, ஆட்டம். மூலையில் ஒரு பியானோ. கூட்டம் சேரச் சேர அடுத்த மாத வாடகை சேரும். வாடகை விருந்து என்றே அதற்குப் பெயர். இரைச்சலான அறையில், கூட வேறு வாத்தியம் இல்லாமல், ஒற்றை ஆளாகக் கூட்டத்தை ஆடவைக்க வேண்டும். இடது கை கீழ் சுரத்துக்கும் நடுச் சுரக்கூட்டுக்கும் மாறிமாறித் தாவித் தாளம் காக்கும். வலது கை மெட்டைப் பிடித்து விளையாடும். 'ஸ்டிரைட்' என்று சொல்லப்படும் இந்தப் பாணியின் பெரிய ஆசான் ஜேம்ஸ் பி. ஜான்சன். 1920இல் தாயை இழந்த வாலர் அவரிடம் போய்ச் சேர்ந்தார். வாடகை நெருக்கடியில் கூர்மையான கலை அது என்பதை மறக்காமல் அவரது தட்டுகளைக் கேட்க வேண்டும்.

2. தனி வரிசைத் தட்டுகள்

1920 ஆகஸ்டில் ஓகே நிறுவனத்துக்காக மாமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஒரு புளூஸ் பாடலைப் பதிவு செய்தார். தட்டு மளமளவென்று விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகள் அப்போதுதான் கண்டுபிடித்தன. உடனே 'இனத் தட்டுகள்' என்ற தனி வரிசை வந்தது: தனி எண், தனி விளம்பரம், தனிக் கடைகள். டீக்கடையில் தனிக் குவளை தெரிந்த நமக்கு இது எளிதில் புரியும். காசு ஒரே கல்லாவில் விழும்; குவளை மட்டும் வேறு.

வாலரின் முதல் தட்டு 1922 அக்டோபரில் ஓகேவில் பதிவானது. ஒரு பக்கம் 'மசில் ஷோல்ஸ் புளூஸ்', மறுபக்கம் 'பர்மிங்ஹாம் புளூஸ்'. வயது 18. மைக் வராத காலம். பெரிய புனல் முன் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம். இரவு முழுக்க வாசித்த கலையை மூன்று நிமிடத்துக்குள் அடக்கக் கற்றுக்கொண்டார். 1923 முதல் கியூ.ஆர்.எஸ். நிறுவனத்துக்காகப் பியானோ சுருள்களும் செய்தார். தானே இயங்கும் பியானோவில் மாட்டும் துளையிட்ட காகிதச் சுருள் அது. வாசித்தவர் வீட்டில் இல்லாமலேயே அவர் வாசிப்பு அந்த வீட்டில் ஒலிக்கும்.

1926 நவம்பரில் விக்டர் கம்பெனிக்காக ஆர்கன் வாசித்தார். இடம் நியூ ஜெர்சியின் கேம்டன். அது ஒரு பழைய பாப்டிஸ்ட் தேவாலயம். கம்பெனி அதை வாங்கிப் பதிவுக்கூடம் ஆக்கியிருந்தது. அங்கே அவர் வாசித்தவற்றில் ஒன்று டபிள்யூ.சி. ஹேண்டியின் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்'. தந்தை விரும்பிய ஆர்கன், தந்தை விரும்பாத இசை, கம்பெனியின் கட்டடம்: மூன்றும் அந்த ஒரு தட்டில் இருக்கின்றன.

3. பத்திரம்

1929 வாலரின் பெரிய ஆண்டு. 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' போன்ற தனிப் பியானோ தட்டுகளைப் பதிவு செய்தார். 'ஹாட் சாக்லேட்ஸ்' என்ற இசை நாடகத்துக்குப் பாடல்கள் அமைத்தார். ஹார்லெமின் கானீஸ் இன் விடுதியில் தொடங்கிப் பிராட்வே மேடைக்குப் போன நிகழ்ச்சி அது. அந்த விடுதி ஹார்லெமின் நடுவில் இருந்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள். நாடகத்தின் 'எயின்ட் மிஸ்பிஹேவின்' பாடல் நாடெங்கும் பரவியது. வரிகள் எழுதியவர் ஆண்டி ரஸாஃப். மடகாஸ்கர் அரச குடும்பத்தின் வழிவந்தவர். அமெரிக்காவில் அவரும் கறுப்பர்தான்.

அதே கோடையில் வாலர் பணமுடையில் இருந்தார். முதல் மனைவிக்குத் தர வேண்டிய ஜீவனாம்சம் பாக்கி. அந்தப் பாடலோடு சுமார் இருபது பாடல்களில் தனக்கிருந்த உரிமையை இர்விங் மில்ஸ் என்ற வெளியீட்டாளருக்கு 500 டாலருக்கு எழுதிக் கொடுத்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பாடல்கள் பின்னர் எத்தனையோ பேரால் பாடப்பட்டு உலகம் சுற்றிவந்தன. பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவசரத்துக்குக் கைமாறும் பத்திரம் அவசரம் தீர்ந்ததும் திரும்பி வருவதில்லை.

பெயரையே விற்றார் என்ற பேச்சும் உண்டு. வெள்ளையரான ஜிம்மி மக்ஹ்யூ பெயரில் இருக்கும் 'ஐ கான்ட் கிவ் யூ எனிதிங் பட் லவ்' பாடலின் மெட்டு வாலருடையது என்று வரலாற்றாசிரியர் பேரி சிங்கர் வாதிடுகிறார். அந்தப் பாடலைத் தன் காதுபட வாசிக்கக் கூடாது என்று தந்தை சொன்னதாக மகன் மாரிஸ் வாலர் தன் நூலில் எழுதுகிறார். இது நிரூபிக்கப்பட்ட உண்மை அல்ல, வலுவான சந்தேகம். அப்படியே சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெயரில்லாமல் மெட்டை விற்கும் சந்தை ஒன்று இருந்ததால்தான் இப்படி ஒரு சந்தேகமே சாத்தியமாகிறது.

"குடித்தார், தாறுமாறாகச் செலவு செய்தார், அதனால் இழந்தார்" என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். வாலர் குடித்தார், உண்மை. ஆனால் நிதானமான வியாபாரியான ஹேண்டியும் 1912இல் தன் 'மெம்பிஸ் புளூஸ்' உரிமையைச் சொற்பத் தொகைக்கு இழந்தார். அச்சகம், கடை, நீதிமன்றம், வங்கி எல்லாம் ஒரு பக்கத்தாரிடம் இருக்கும்போது மறுபக்கத்தவரின் குணத்தை மட்டும் ஆராய்வது சமூகவியல் ஆகாது. ஊதாரித்தனம் மேல்தட்டுக் கலைஞரிடம் இருந்தால் மேதைமையின் கிறுக்கு என்கிறோம்; ஒடுக்கப்பட்டவரிடம் இருந்தால் அதையே காரணம் என்கிறோம்.

ஹேண்டி பாடம் கற்றார். ஹாரி பேஸ் என்ற தோழரோடு சேர்ந்து சொந்தமாக இசை வெளியீட்டகம் நடத்தினார். 1914இல் வந்த 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' சொந்த வெளியீடு. அது அவருக்குக் கடைசிவரை சோறு போட்டது. பேஸ் 1921இல் 'பிளாக் ஸ்வான்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்தி நாடெங்கும் தட்டுகளை விற்ற முன்னோடி நிறுவனம் அது. இயக்குநர் குழுவில் டு போய்ஸ் இருந்தார். பெரிய கம்பெனிகளின் போட்டியில் நிலைக்க முடியாமல் 1924இல் அதன் பட்டியல் பாரமவுண்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. இங்கே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். சொந்த அச்சு வேண்டும் என்ற எண்ணம் கடலின் இரு கரையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்திருக்கிறது.

4. ஒரு நகைச்சுவைப் பாட்டுக்கு நேர்ந்தது

'ஹாட் சாக்லேட்ஸ்' நாடகத்தில் இன்னொரு பாடல் உண்டு: 'பிளாக் அண்ட் புளூ'. அடிபட்டுக் கன்றிப்போன உடம்பைச் சொல்லும் ஆங்கில வழக்கு அது. கறுப்பு என்ற நிறமும் அதிலேயே இருக்கிறது. நாடகத்துக்குப் பணம் போட்டவர்களில் டச்சு ஷுல்ட்ஸ் என்ற பெரிய தாதாவும் ஒருவன். மாநிறப் பெண்களிடம் தன் காதலனை இழந்துவிட்டதாக ஒரு கறுத்த பெண் புலம்பும் சிரிப்புப் பாட்டு வேண்டும் என்று அவன் மிரட்டிக் கேட்டதாக ரஸாஃப் பிற்காலத்தில் சொன்னார். கேட்டதைக் கொடுத்தார்கள். தொடக்கப் பகுதி அந்தப் புலம்பல்தான். அதைத் தாண்டிப் போகப் போக, நிறத்தின் பெயரால் ஒரு மனிதருக்கு இழைக்கப்படும் எல்லாவற்றையும் பாட்டு கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறது.

அதே ஆண்டு லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் தொடக்கப் பகுதியை விட்டுவிட்டு இதைப் பதிவு செய்தார். இப்போது பாடுவது காதலனை இழந்த பெண் அல்ல, ஒரு சமூகம். 1952இல் ரால்ஃப் எலிசன் 'இன்விசிபிள் மேன்' நாவலைத் தொடங்கும்போது, நிலவறையில் ஒளிந்திருக்கும் கதைசொல்லி கேட்டுக்கொண்டிருப்பது இந்தத் தட்டைத்தான். 1956இல் விடுதலைக்கு முந்தைய கானாவின் அக்ரா நகரில் குவாமே நிக்ருமா முன்னிலையில் ஆம்ஸ்ட்ராங் இதைப் பாடினார். அது படமாகவும் பதிவாகியிருக்கிறது. சிரிக்க வைக்கக் கேட்கப்பட்ட பாட்டு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. ஆனால் 1929இல் 500 டாலருக்குக் கைமாறிய பட்டியலில் இதுவும் இருந்தது. பாட்டு விடுதலை பேசியது. அதன் பத்திரம் வேறொருவர் பெட்டியில் கிடந்தது.

5. சிரிப்புக்குள்ளே

1934 மே மாதம் 'ஃபேட்ஸ் வாலர் அண்ட் ஹிஸ் ரிதம்' என்ற சிறு குழுவாக விக்டருக்குப் பதிவு செய்யத் தொடங்கினார். 1942 வரை நூற்றுக்கணக்கான தட்டுகள். இன்று அவர் பெயரில் கிடைக்கும் பதிவுகளில் பெரும்பகுதி இவைதான். என்ன பாடுவது என்பதைப் பெரும்பாலும் கம்பெனியும் வெளியீட்டாளர்களும் முடிவு செய்தார்கள். அந்த வாரச் சந்தைக்கு வந்த சுமாரான காதல் பாட்டுகள் பலவும் அவர் தலையில் விழுந்தன. 1935இல் 'ஐ'ம் கோனா சிட் ரைட் டவுன் அண்ட் ரைட் மைசெல்ஃப் எ லெட்டர்' பெரிய வெற்றி பெற்றது. அதுவும் பிறர் எழுதிய பாட்டுதான்.

அந்த அசட்டுப் பாட்டுகளை அவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். உருக வேண்டிய இடத்தில் குரலைக் கோணலாக்குவார். வரிகளுக்கு நடுவே புகுந்து பேசுவார். காதலியைப் புகழும் பாட்டில் புகழ்ச்சி எவ்வளவு பொய் என்று காட்டிக்கொடுப்பார். கொடுத்த வரியைப் பாடவும் செய்வார், அதை நம்பவில்லை என்று கேட்பவருக்குச் சொல்லவும் செய்வார். பின்னால் பியானோ ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். விமர்சகர்கள் கோமாளி என்றார்கள், திறமையை வீணடித்தார் என்று வருந்தினார்கள். நம் கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ராஜாவின் சபையில் உண்மையைச் சொல்ல அனுமதி பெற்றவன் அவன் ஒருவன்தான்.

அதற்காக இழப்பை மறைக்கவும் கூடாது. கோமாளியைக் கம்பெனி திரும்பத் திரும்பக் கேட்டது. பியானோ கலைஞரை எப்போதாவதுதான் கேட்டது. 1934 நவம்பரில் பதிவான 'ஆஃப்ரிக்கன் ரிப்பிள்ஸ்', 'வைப்பர்ஸ் டிராக்' போன்ற தனி வாசிப்புகள் சில. 1941இல் குருவின் 'கரோலினா ஷவுட்' உட்பட இன்னும் சில. 1938இல் லண்டன் போனபோது அபே ரோடு கூடத்தின் ஆர்கனில், அடிமைகளாயிருந்த மக்களின் பக்திப் பாடல்களை வாசித்தார். அவற்றில் கேலி இல்லை. அமெரிக்காவில் அவரிடம் கேட்கப்படாத ஒருவர் அந்தத் தட்டுகளில் இருக்கிறார்.

6. பதிவாகாமல் போனது

1943இல் 'எர்லி டு பெட்' என்ற பிராட்வே நாடகத்துக்கு வாலர் முழு இசையையும் அமைத்தார். பெரும்பாலும் வெள்ளை நடிகர்கள் நடித்த பிராட்வே நாடகத்துக்கு ஒரு கறுப்பினத்தவர் இசையமைத்தது அதுவே முதன்முறை. ஆனால் அந்த நாடகக் குழு பாடிய தட்டு எதுவும் வரவில்லை. 1942 ஆகஸ்டிலிருந்து இசைக்கலைஞர் சங்கம் கம்பெனிகளுக்கு எதிராகப் பதிவு மறுப்புப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தது. வானொலியிலும் பாட்டுப் பெட்டியிலும் தட்டுகள் ஓட ஓட, நேரில் வாசிப்பவர்களின் வேலை போகிறது. அதற்கு ஈடு கொடு என்பது கோரிக்கை. நியாயமான போராட்டம். அதன் விலையில் ஒரு பங்கு இந்த நாடகத்தின் இசை.

அந்தச் செப்டம்பரில் ராணுவத்தினருக்காக வெளியான 'வி-டிஸ்க்' தட்டுகளுக்கு வாலர் தனியாக வாசித்துப் பாடினார்; அந்த நாடகத்தின் சில பாடல்களும் அதில் உண்டு. விற்பனைக்கு வராது, பிறகு அழித்துவிடுவோம் என்ற உறுதியின் பேரில் அனுமதிக்கப்பட்ட தட்டுகள் அவை. படைவீரர்கள் சிலர் வீட்டுக்குக் கொண்டுபோனதும் நமக்கு உதவியது. டிசம்பர் 15 அன்று, மேற்குக் கரையிலிருந்து வீடு திரும்பும் ரயிலில், கான்சாஸ் சிட்டிக்கு அருகே நிமோனியாவில் வாலர் இறந்தார். வயது 39.

7. நம் கையில் இருப்பது

1978இல் அவர் பாடல்களை வைத்தே ஓர் இசை நாடகம் பிராட்வேயில் வந்து, சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது பெற்றது. 1929இன் பாடல்கள் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை. ஆனால் அதே ஆண்டு அவர் தன் கையால் வாசித்த தட்டு 2030இல்தான் பொதுவுடைமை ஆகும். அதுவரை அது கம்பெனியின் சொத்து. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு தட்டை ஒலிபரப்பினால் பாடலை எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும் பணம் போகிறது. வாசித்தவருக்கு இன்றுவரை சட்டப்படி எதுவும் இல்லை.

ஒரு தட்டைக் கேட்கும்போது மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கூடவே கேட்டுப் பழக வேண்டும். யார் வாசித்தது? என்ன வாசிக்கச் சொன்னது யார்? உரிமை யாரிடம் இருக்கிறது? எது பதிவாகவில்லை? வாலரின் தட்டுகளில் இந்த நான்குக்கும் விடை இருக்கிறது. காரணம், அங்கே தேதி, இடம், தட்டு எண், யார் எந்த வாத்தியம் என்பதெல்லாம் எழுதிவைக்கப்பட்டன. கம்பெனி தன் கணக்குக்காக எழுதியதுதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதே ஏட்டை வைத்துக் கம்பெனியையே விசாரிக்க முடிந்தது.

நம்மிடம் அந்த ஏடு இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் பாடும் நம் பாட்டிகளை, பறை அடிக்கும் தோழர்களைக் கைப்பேசியில் நாமே பதிவு செய்கிறோம். பெயரைக் கேட்க மறந்துவிடுகிறோம். இனி ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றது என்பதை அவர்கள் குரலிலேயே சொல்ல வையுங்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், நிகழ்த்துகலைஞர் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை அங்கீகரிக்கிறது. அதை நம் கலைஞர்களிடம் கொண்டுபோங்கள். யாராவது வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் பக்கத்தில் நில்லுங்கள்.

ஆசானின் ஒலிநாடாவைக் கணினியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கேட்கலாம். பழைய அட்டையைத் தூக்கி எறியவில்லை, அதுவும் ஆவணம். அதோடு புதிதாக ஒரு தாளை இணைத்திருக்கிறோம். அதில் முதல் வரியாக ஆசானின் பெயரும் ஊரும் இருக்கின்றன. அன்று கூட வாசித்த மற்ற இருவரின் பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறது. உங்களில் மூத்தவர்கள் யாருக்காவது தெரிந்தால், போவதற்கு முன் எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.